நண்பர்களோடு ஜப்பானில் ஒரு வாரம்: முதல்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானுக்கு முதல்முறையாகச் செல்பவர்கள் போடும் திட்டங்களில் பெரும்பாலும் ஊர்கள் அதிகமாகவும் நேரம் குறைவாகவும் இருக்கும். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என்று ஆறு ஊர்களை ஏழு நாளில் அடக்க நினைத்தால், அந்த வாரத்தின் பெரும்பகுதி பெட்டியை இழுத்துக்கொண்டு நடைமேடை தேடுவதிலேயே கழிந்துவிடும். டோக்கியோவில் மூன்று இரவு, கியோட்டோவில் மூன்று இரவு என்ற ஒரே அமைப்பைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். நாராவும் ஒசாகாவும் கியோட்டோவிலிருந்து காலையில் போய் இரவில் திரும்பக்கூடிய தொலைவில் இருப்பதால், விடுதி ஒரே ஒருமுறை மாறினால் போதும். ஹிரோஷிமாவை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1945 ஆகஸ்ட் 6-ஐ நினைவுகூரும் அந்த அமைதிப் பூங்காவையும் அருங்காட்சியகத்தையும் கடிகாரத்தைப் பார்த்தபடி சுற்றிவருவது சரியாக இராது. கீழே சொல்பவை நான்கு முதல் ஆறு பேர் கொண்ட நண்பர் குழுவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

எப்போது செல்வது, எங்கே இறங்குவது

செர்ரிப் பூக்கள் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் மார்ச் இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை மலர்ந்திருக்கும்; கியோட்டோவின் இலையுதிர்கால வண்ணம் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை நீடிக்கும். இரண்டும் அழகான காலங்கள் என்பதால் விடுதிக் கட்டணமும் கூட்டமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை வரும் தொடர் விடுமுறை நாட்கள், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைத்துச் சொந்த ஊருக்குத் திரும்பும் ஒபோன் நாட்கள், ஆண்டு இறுதி ஆகிய மூன்று பருவங்களிலும் ஜப்பானியர்களே பெருந்திரளாகப் பயணம் செய்வதால், புதியவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஆகஸ்டு, செப்டம்பரில் புழுக்கமும் புயல்களும் உண்டு. மே மாதத்தின் பிற்பாதியும் அக்டோபர் இறுதியும் எனக்கு மிகப் பிடித்தவை. வானிலை இதமாக இருக்கும், விலையும் ஓரளவு கட்டுக்குள் இருக்கும்.

விமானச்சீட்டை டோக்கியோவுக்குச் சென்று டோக்கியோவிலிருந்தே திரும்புவதாக எடுக்காமல், டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் ஏறுமாறு எடுங்கள். இதனால் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்குத் திரும்பும் ரயில் கட்டணமும், ஏறத்தாழ அரை நாளும் மிச்சமாகும். சென்னையிலிருந்து செல்பவர்களுக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் ஆகியவை வழக்கமான மாறுதல் நிலையங்கள்; கொழும்பிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் நேரடி விமானம் உண்டு.

விசாவும் பெட்டிக்குள் வைக்கக் கூடாதவையும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். 2024 ஏப்ரல் முதல் இந்தியாவில் வசிப்பவர்களுக்குச் சுற்றுலா விசா மின்விசாவாக வழங்கப்படுகிறது; விண்ணப்பத்தை விசா விண்ணப்பங்களைப் பெறும் விஎஃப்எஸ் மையத்தின் வழியாகவே கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு ஆகியவற்றோடு, எந்த நாளில் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்குவீர்கள் என்ற அன்றாட அட்டவணையும் கேட்கப்படும். குழுவாகச் செல்பவர்கள் அனைவரும் ஒரே அட்டவணையை இணைத்துக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும். ரத்து செய்யக்கூடிய விடுதி முன்பதிவுகளை முதலில் செய்துவிட்டு விண்ணப்பிப்பதே முறையான வரிசை. மின்விசா வந்த பிறகு கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றுண்டு. விமான நிலையத்தில் அதை இணைய இணைப்போடு கைபேசித் திரையில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். அச்சிட்ட தாளையோ திரைப்பிடிப்பையோ ஏற்க மாட்டார்கள். ஆகவே, புறப்படும் நாளில் ஒவ்வொருவரின் கைபேசியிலும் இணையமும் மின்னேற்றமும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா கிடைத்ததும் ‘விசிட் ஜப்பான் வெப்’ என்ற அரசுத் தளத்தில் குடியேற்ற, சுங்க விவரங்களை நிரப்பி க்யூஆர் குறியீட்டைப் பெற்றுக்கொண்டால், இறங்கியதும் படிவம் எழுதும் வேலை இருக்காது. இறைச்சிப் பொருட்களைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை. பழம், காய், பச்சைக் கறிவேப்பிலை போன்றவற்றையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். சளி மாத்திரைகளிலும் எச்சரிக்கை தேவை. சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகள் ஜப்பானில் தடைசெய்யப்பட்டவை. கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கும் கடுமையான வரம்பு உண்டு. அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். இரண்டு தட்டையான முனைகள் கொண்ட செருகியே பொருந்தும் என்பதால் அதற்கான அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

தங்குமிடம்

ஜப்பானிய நகர விடுதிகளின் அறைகள் சிறியவை. இருவர் அறையில் இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்க இடமிருக்காது. கட்டணம் பெரும்பாலும் தலைக்கணக்கில் வசூலிக்கப்படுவதால், மூன்று பேர் ஓர் அறையில் நெருக்கிக்கொள்ளும் நம் வழக்கம் அங்கே செல்லாது. நான்கு பேருக்கு மேல் இருந்தால், சமையலறையோடு கூடிய அடுக்குமாடி விடுதிகளையோ, தரையில் மெத்தை விரிக்கும் தத்தாமி அறைகளையோ தேடுங்கள். டோக்கியோவில் உயேனோ, அசகுசா பகுதிகள் நரிட்டாவுக்கு நேர்வழியும் ஓரளவு நியாயமான விலையும் உள்ளவை. கியோட்டோவில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தங்குவதே மேல். கியோன் போன்ற பழைய தெருக்களின் அழகில் மயங்கி அங்கே அறை எடுத்தால், ஒவ்வொரு காலையும் பேருந்துக் கூட்டத்தில் தொடங்கும். பிற்பகல் மூன்று மணிக்கு முன் அறை தர மாட்டார்கள். ஆனால் பெட்டிகளைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ரயில், அட்டை, பெட்டி

ஜப்பான் என்றாலே ஜேஆர் பாஸ், அதாவது ஜப்பான் ரயில்வே நிறுவனங்களின் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்குச் செல்லும் சீட்டு, வாங்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கன்சென் எனும் அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென். அதோடு கன்சாய் விமான நிலைய ரயிலையும் உள்ளூர்ப் பயணங்களையும் சேர்த்தாலும் நம் வாரம் பாஸின் விலையை எட்டாது. எனவே பாஸ் வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் சுய்கா, பாஸ்மோ போன்ற ஐசி அட்டை, அதாவது பணம் நிரப்பி நிலைய வாயிலில் தொட்டுச் செல்லும் பயண அட்டை, ஒன்றை வாங்க வேண்டும். உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் தொட வேண்டியிருப்பதால், ஓர் அட்டையை இருவர் பகிர முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுய்கா 28 நாள் செல்லும். அதற்கு வைப்புத்தொகை இல்லை, மீதித் தொகையும் திரும்பாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் கைபேசியிலேயே சுய்காவைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜப்பானுக்கு வெளியே விற்கப்படும் ஆண்ட்ராய்டு கைபேசிகள் பெரும்பாலானவற்றில் இது இயலாது. டோக்கியோவில் வாங்கிய அட்டை கியோட்டோ, ஒசாகாவிலும் செல்லும். ஆனால் டோக்கியோவில் தொட்டு நுழைந்து கியோட்டோவில் தொட்டு வெளியேற முடியாது. நகரங்களுக்கு இடையிலான பயணத்துக்குத் தனிச் சீட்டு வேண்டும்.

ரொக்கம் வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அட்டையில் பணம் நிரப்பும் நிலைய இயந்திரங்கள் பல ரொக்கத்தை மட்டுமே ஏற்கும். சிறு உணவகங்களும் கோயில் நுழைவுச்சீட்டுகளும் அப்படித்தான். செவன் லெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்பவை. புறப்படுவதற்கு முன் உங்கள் வங்கியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிடுங்கள்.

ஷிங்கன்சென் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குழுவாகச் செல்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 1964 அக்டோபர் 1-ல் தொடங்கிய இந்தத் தொக்காய்தோ தடத்தில் நொசோமி வகை ரயில் கியோட்டோவை ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் அடைகிறது. நம் நகரப் பேருந்துகளைவிட அடிக்கடி வருகிறது. இருக்கைகள் ஒருபுறம் மூன்று, மறுபுறம் இரண்டு என்று அமைந்திருக்கும். இருக்கை வரிசையைச் சுழற்றி எதிரெதிராக வைத்துக்கொள்ளலாம் என்பதால், நால்வர் குழு டி, இ எழுத்துள்ள இருக்கைகளை அடுத்தடுத்த இரண்டு வரிசைகளில் எடுத்தால் முகம் பார்த்து உட்காரலாம். வானம் தெளிவாக இருந்தால் டோக்கியோவிலிருந்து புறப்பட்டு முக்கால் மணி நேரத்துக்குள் வலப்புறத்தில், இ இருக்கைப் பக்கம், ஃபூஜி மலை தெரியும். மலையைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி ஹகோனேவுக்கோ கவாகுசி ஏரிக்கோ போவதை இந்த முதல் வாரத்தில் நான் சேர்க்க மாட்டேன். குளிர்காலம் தவிர மற்ற காலங்களில் மேகம் அதை மறைத்துவிடுவது வழக்கம்.

நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டல் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிகளுக்கு, இந்த ரயிலில் பெட்டி வைக்கும் இடத்தோடு கூடிய இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 1,000 யென் வசூலிப்பார்கள். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. டோக்கியோ விடுதியின் வரவேற்பு மேசையில் பெட்டியைக் கொடுத்து கியோட்டோ விடுதியின் முகவரியை எழுதினால், தக்யூபின் எனப்படும் பொதியஞ்சல் சேவை பெரும்பாலும் மறுநாளே அதைக் கொண்டுசேர்த்துவிடும். புறப்படுவதற்கு முந்தைய நாள் காலையிலேயே அனுப்பிவிட்டு, ஓர் இரவுக்கு வேண்டியதைத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் ஆறு பெரிய பெட்டிகளோடு டோக்கியோ நிலையத்தின் படிக்கட்டுகளில் ஏறி இறங்குவதைக் கற்பனை செய்துபார்த்தால், அந்தச் செலவு வீணில்லை என்று புரியும்.

டோக்கியோவில் மூன்று இரவு

நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. உயேனோவுக்கு ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுவிடும். மற்றொரு விமான நிலையமான ஹனேடா நகரத்துக்கு அருகிலேயே உள்ளது. முதல் நாளில் எதையும் திட்டமிட வேண்டாம். மாலையில் அசகுசாவின் சென்சோஜி கோயில் வளாகத்தை விளக்கொளியில் சுற்றிவந்தாலே போதும்; பகலில் தோளோடு தோள் உரசும் அந்தக் கடைத்தெரு, கடைகள் அடைத்தபின் வேறோர் இடமாக மாறியிருக்கும்.

இரண்டாம் நாள் காலையில் அதே பகுதியில் ஆற்றை ஒட்டிச் சிறிது தூரம் நடந்தால் மத்சுசியாமா ஷோதென் என்ற சிறிய கோயில் வரும். அங்கே வீற்றிருப்பவர் காங்கிதென், அதாவது பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போய்ச்சேர்ந்த நம் பிள்ளையார். மூலவுருவம் மறைவில் இருக்கும். பக்தர்கள் கொழுக்கட்டைக்குப் பதில் வெள்ளை முள்ளங்கி படைப்பார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாக் கூட்டம் அதிகம் வராத இந்த இடத்தைத் தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாது. பிறகு உயேனோவுக்கு வந்தால், ஷினோபாசு குளத்தின் நடுவே உள்ள கோயிலில் பென்சைதென் என்ற பெயரில் சரஸ்வதியையும் பார்க்கலாம். அருங்காட்சியகப் பிரியர்கள் அங்கேயே தங்கட்டும், மின்னணுப் பொருட்களிலும் அனிமேயிலும் ஆர்வமுள்ளவர்கள் அகிஹபாராவுக்குப் போகட்டும்.

இப்படிப் பிரிந்து செல்வதைக் குழுக்கள் தயங்குகின்றன. ஆனால் ஆறு பேர் எப்போதும் ஒன்றாக நகர்ந்தால், எல்லாரும் அதிகம் விரும்பாத இடங்களிலேயே அதிக நேரம் கழியும். தினமும் பிற்பகலைப் பிரிவுக்கும் இரவு உணவைச் சந்திப்புக்கும் ஒதுக்குங்கள். சந்திக்கும் இடத்தை நிலையத்தின் பெயரால் மட்டும் சொல்லாமல் வாயிலின் பெயரோடு சொல்லுங்கள். ஷின்ஜுகு நிலையத்தில் தவறான வாயிலில் வெளியேறினால் சரியான இடத்துக்கு வர இருபது நிமிடம் பிடிக்கலாம். ஷிபுயாவில் ஹச்சிகோ நாய்ச்சிலையும், டோக்கியோ நிலையத்தின் கீழ்த்தளத்தில் உள்ள வெள்ளி மணியும் உள்ளூர்க்காரர்களே பயன்படுத்தும் சந்திப்பிடங்கள். இதே காரணத்துக்காக, ஒருவர் மட்டும் இணையம் வைத்துக்கொண்டு மற்றவர்கள் அவரை ஒட்டிச்செல்வதைவிட, எல்லாரும் ஆளுக்கோர் இசிம் (கைபேசியில் இறக்கிக்கொள்ளும் மின்னணு சிம்) வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்றாம் நாள் மேற்குப் பகுதி. 1920-ல் நிறுவப்பட்ட மெய்ஜி ஆலயத்தைச் சுற்றியுள்ள காடு, நாடெங்குமிருந்து நன்கொடையாக வந்த ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களால் மனிதர்கள் உருவாக்கியது. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அங்கிருந்து ஹராஜுகு வழியாக ஷிபுயா வரை நடக்கலாம். மாலையில் ஷின்ஜுகுவின் பெருநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆம் தளத்துக்கு ஏறினால், 202 மீட்டர் உயரத்திலிருந்து நகரத்தை இலவசமாகப் பார்க்கலாம். கட்டணக் காட்சிமாடங்கள் இதைவிட உயரமானவைதாம். ஆனால் அவற்றின் சூரிய அஸ்தமன நேரச் சீட்டுகளை முன்பதிவில் பிடிக்க வேண்டும், ஆறு பேருக்குச் சேர்த்துக் கிடைப்பது அரிது. ஷின்ஜுகுவிலேயே நாகாமுராயா என்ற உணவகம், இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ் அறிமுகப்படுத்திய இந்தியக் கறியை 1927 முதல் பரிமாறிவருகிறது; சைவர்களுக்கு அது பயன்படாது, கோழிக்கறி.

சாப்பாடு

சைவ உணவுக்காரர்களுக்கு ஜப்பானில் இறைச்சியைவிடப் பெரிய தடை தாஷி என்னும் சாறு. உலர்த்திய சூரை மீனைச் சீவி வேகவைத்து எடுக்கும் இந்தச் சாறு மிசோ சூப், உதோன், சோபா ஆகிய நூடுல்ஸ் வகைகள், வேகவைத்த காய்கறி என்று எல்லாவற்றிலும் கலந்திருக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சியை மட்டும்தான் எடுத்துவிடுவார்கள். ஆகவே, ‘நிக்கு’ எனும் இறைச்சி, ‘சகானா’ எனும் மீன், ‘தாஷி’ ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, தேவைப்பட்டால் ‘தமாகோ’ எனும் முட்டையையும் சேர்த்து, ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டை தயாரித்துக் காட்டுங்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கடைகளில் விற்கும் கறி மசாலாக் கட்டிகளில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

டோக்கியோ நிலையத்தின் ஜேஆர் வாயில்களுக்கு உள்ளே, கேயோ தெரு என்ற பகுதியில், டீஸ் தான்தான் என்ற முழுத் தாவர உணவு ராமென் (சூப் நூடுல்ஸ்) கடை இருக்கிறது. தென்னிந்தியச் சாப்பாட்டுக்கு ஏங்குபவர்கள், இந்தியர்கள் திரளாக வாழும் நிஷி-கசாய் பகுதிக்கோ, உயேனோவுக்கு அடுத்த ஒகாசிமாசிக்கோ போகலாம். கியோட்டோவில் பெரிய கோயில்கள் சிலவற்றில், துறவிகள் உண்ணும் ஷோஜின் ரியோரி என்ற முழுச் சைவ விருந்து முன்பதிவின் பேரில் கிடைக்கும். விலை அதிகம், ஒருமுறையாவது உண்ணத் தக்கது. அவசரத்துக்குச் சத்துமாவு, பருப்புப்பொடி, உடனடி உப்புமா ஆகியவற்றை எடுத்துச்செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விடுதி அறைகளில் வெந்நீர்க் கெண்டி அநேகமாக இருக்கும்.

அசைவர்களுக்குக் கவலையில்லை, ஆனால் நல்ல ராமென் கடைகளில் எட்டு, பத்து இருக்கைகளே இருக்கும். ஆறு பேருக்கு ஒன்றாக இடம் கேட்டு வாசலை அடைப்பதைவிட, இருவர் மூவராகப் பிரிந்து உட்காருங்கள். பல கடைகளில் வாசல் இயந்திரத்தில் பணம் போட்டு உணவுச்சீட்டை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மற்ற இடங்களில் மேசைக்கு ஒரே ரசீது வரும், அதை வாசலருகே உள்ள கல்லாவில் கட்டுவது வழக்கம். ஒருவர் கட்டிவிட்டுக் கணக்கை இரவில் பிரித்துக்கொள்வது எல்லாருக்கும் எளிது. அன்பளிப்புப் பணம் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. கொடுத்தால் மறந்து வைத்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடிவந்து தருவார்கள்.

கியோட்டோவில் மூன்று இரவு

நான்காம் நாள் காலையில் ரயிலேறி, மதியம் கியோட்டோவில் பையை வைத்துவிட்டு, மாலையில் ஃபுஷிமி இனாரிக்குப் போங்கள். நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம். நுழைவுக் கட்டணமில்லை, இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும். ஆயிரக்கணக்கான செந்நிற வாயில்களின் கீழ் மலையேறும் பாதையில் கூட்டமெல்லாம் முதல் கால் மணி நேரத்துக்குள்தான். அதைத் தாண்டி நடந்தால் படம் எடுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் கியோமிசு கோயிலோடு தொடங்கட்டும். காலை ஆறு மணிக்கே திறக்கிறார்கள். மலைச்சரிவில் நிற்கும் அந்த மரமேடையைப் பார்த்துவிட்டு, பழைய படிக்கட்டுத் தெருக்கள் வழியாக கியோனுக்கு இறங்கலாம். கியோனில் தனியாருக்குச் சொந்தமான சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழைவது 2024 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மீறினால் 10,000 யென் அபராதம் என்ற அறிவிப்புப் பலகைகளைக் காணலாம். பாரம்பரிய ஆடல்பாடல் கலைஞர்களான கெய்ஷாக்களைத் துரத்திப் படமெடுத்த பயணிகளால் வந்த வினை இது. பிற்பகலில் ஒரு பிரிவினர் அராஷியாமாவின் மூங்கில் காட்டுக்கும், மற்றவர்கள் பொற்கோயிலான கிங்ககுஜிக்கும் போகலாம். இப்போது நிற்கும் பொன்மாடம் 1950-ல் தீவைப்பில் அழிந்து, 1955-ல் மீண்டும் எழுப்பப்பட்டது. கியோட்டோவில் பேருந்துக்கு முன் ரயிலை நினையுங்கள். பேருந்தில் ஏற நேர்ந்தால், பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் ஓட்டுநர் அருகே கட்டணம் செலுத்த வேண்டும்.

ஆறாம் நாள் நாரா. கிந்தெத்சு என்ற தனியார் நிறுவனத்தின் ரயில் பூங்காவுக்கு அருகிலேயே இறக்கிவிடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் அங்கே கட்டற்றுத் திரிகின்றன. மான்களுக்கென்றே விற்கும் பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள், வரைபடத்தாளைக் கையில் பிடித்தபடி நிற்காதீர்கள், அதையும் தின்றுவிடும். தோதாய்ஜி கோயிலின் பதினைந்து மீட்டர் வெண்கலப் புத்தருக்கு 752-ல் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர், இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. மாலையில் நாராவிலிருந்து நேரே ஒசாகாவின் நம்பாவுக்கு ரயிலேறினால், தோதோன்போரியின் விளக்குகளையும் தெருவுணவையும் பார்த்துவிட்டு இரவே கியோட்டோ திரும்பிவிடலாம். நள்ளிரவோடு ரயில்கள் நின்றுவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; டாக்சிக் கட்டணம் ஆளைக் கலங்கடிக்கும்.

பொது இடங்களில்

ரயிலில் கைபேசியில் பேசுவதில்லை, கூட்டமாகச் சிரித்துப் பேசுவதும் உறுத்தும். நண்பர் குழுக்கள் இதில்தான் அறியாமலேயே முகச்சுளிப்பைச் சம்பாதிக்கின்றன. தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம். ஆளுக்கொரு பை வைத்துக்கொண்டு குப்பையை விடுதிக்குக் கொண்டுவர வேண்டும். நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடப்புறமும் ஒசாகாவில் வலப்புறமும் நிற்பார்கள். காலணியைக் கழற்ற வேண்டிய இடங்கள் பல என்பதால் ஓட்டையில்லாத காலுறை அவசியம். கழிவறைகளைப் பற்றி நம்மவர்கள் கவலைப்படவே தேவையில்லை, நீர் பீய்ச்சும் வசதி பெரும்பாலான இடங்களில் உண்டு. கை துடைக்கக் கைக்குட்டை மட்டும் கொண்டுசெல்லுங்கள். கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. நிலநடுக்க எச்சரிக்கை கைபேசிகளில் ஒரே நேரத்தில் அலறினால், கண்ணாடிகளிலிருந்து விலகி, தலையைக் காத்துக்கொண்டு, சுற்றியுள்ள ஜப்பானியர்கள் செய்வதைச் செய்யுங்கள்.

கடைசி நாள்

கியோட்டோவிலிருந்து ஹருகா ரயில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் கன்சாய் விமான நிலையத்தை அடையும். விமானத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே அங்கே இருக்குமாறு கிளம்புங்கள். அங்கே வாங்கிய சாகே எனும் அரிசி மது போன்ற திரவங்களை முதல்நாள் இரவே பெரிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். டோக்கியோவில் வாங்கிய சாதாரண சுய்காவின் 500 யென் வைப்புத்தொகையை டோக்கியோ பகுதியை உள்ளடக்கிய கிழக்கு ஜேஆர் நிலையங்களில்தான் திரும்பப் பெற முடியும், கன்சாயில் கிடைக்காது; பணமாற்று மையங்களும் நாணயங்களை வாங்குவதில்லை. ஆகவே, பாதுகாப்புச் சோதனைக்குப் போவதற்கு முன் நிலையத்தில் உள்ள கடை ஒன்றில் வீட்டுக்கு வேண்டிய இனிப்புகளை வாங்கி, அட்டையில் மிச்சமுள்ள தொகையை முதலில் கழித்து, மீதியை நாணயங்களாகக் கொடுக்கலாமா என்று கல்லாவில் கேளுங்கள். பல கடைகளில் ஒப்புக்கொள்வார்கள்.